மல்லாந்து கிடந்த சீட்டு

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குக் கண் நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படிக்கிறவர்கள், பாவம், பார்வைக் கோளாறு போலிருக்கிறது என்று அவர்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது. நாமக்கல் ரோட்டின் அந்தக் கோடியில் திரும்பும் லாரியின் நம்பரை இந்தக் கோடியில் இருந்தே படித்துவிடுவார். கண்ணில் குறையே கிடையாது. கண் பார்த்ததை மண்டைக்குள் விடமாட்டார், அவ்வளவுதான்.

அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் அதே பள்ளிக்கூடத்தின் டிரில் மாஸ்டர். என் உத்தியோகத்துக்கு நாலுவரை எண்ணத் தெரிந்தால் போதும். ஒன், டூ, த்ரீ, ஃபோர். அதற்கப்புறம் மறுபடி ஒன். அவரோ பட்டம் வாங்கி, அதன்மேல் இன்னொரு பட்டம் வாங்கியவர். ஆனால் என் கல்யாணம் நடப்பதா வேண்டாமா என்பது ஒரு மத்தியானம் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த நாக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். ஆகவே அவரைப் பற்றிப் பேச நான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்த புதிதில், கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடமும் வந்து சேர்ந்தது. அதுவரை அவர் எல்லாரையும்போலச் சாதாரணமாக மோசமான வாத்தியார். பாடத்துக்கு வேண்டுமென்று சேலம் கடைவீதியில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து விசேஷமாக மோசமானார். நெற்றி நிறைய விபூதி பூசும் எங்கள் தலைமையாசிரியர், "சரஸ்வதி இருக்கற எடத்துல சீட்டுக்கட்டா?" என்று கையைப் பிசைந்தார். இவர் புத்தகத்தை விரித்து, இஸ்பேடு ராஜா படம் போட்டிருந்த பக்கத்தைக் காட்டினார். அரசாங்கமே அச்சடித்த ராஜா என்றதும் தலைமையாசிரியர் அடங்கிவிட்டார்.

கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டு. இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று நாலு சாதி, சாதிக்குப் பதிமூன்று. கண்ணை மூடி ஒன்றை உருவினால் அது ராஜாவாக இருக்க வாய்ப்பு ஐம்பத்திரண்டில் நாலு, சுருக்கினால் பதிமூன்றில் ஒன்று. சிவப்பாக இருக்க வாய்ப்பு பாதி. இதுவரைக்கும் அவர் சொன்னதில் பிழை கிடையாது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு கவிழ்ந்து கிடக்கிறவரை அவர் மேதைதான். மல்லாந்துவிட்டால்தான் வினை.

ஒருநாள் வகுப்பில் ஒரு சீட்டை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஜன்னல் காற்றில் அது கை நழுவி முதல் பெஞ்சுக்கு முன்னால் மல்லாக்க விழுந்தது. ஆட்டின் மூன்று. வகுப்பு மொத்தமும் பார்த்தது. அவரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இது கருப்புச் சீட்டா இருக்க வாய்ப்பு என்ன?" என்று முதல் பெஞ்சுப் பையனைக் கேட்டார்.

"வாய்ப்பே இல்லீங்க சார்."

"ஏன்?"

"செவப்பா மல்லாந்து கெடக்குதுங்களே சார்."

கையை நீட்டச் சொல்லி ஒரு போடு போட்டார். "கீழ கெடக்கறதப் பாத்துச் சொல்றதுக்கு நீ என்னத்துக்கு, கண்ணு இருக்கற எவனும் சொல்லுவான். பாதின்னு சொல்லுடா."

பையன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே பாதி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மைதானத்தில் நின்றிருந்த எனக்கே அடி விழுந்த சத்தம் கேட்டது. பையன்கள் நடந்ததைச் சொன்னதும் இடைவேளையில் போய், "பையன் சொன்னது சரிதானுங்களே சார்?" என்றேன்.

"எடுக்கறதுக்கு முந்தி ஒரு கணக்கு, எடுத்ததுக்குப் பொறவு ஒரு கணக்குன்னு மாறுனா அது கணக்குங்களா?"

"பந்து உள்ள போனதுக்குப் பொறவு கோல்தானுங்களே சார்?"

"அது வெளையாட்டு" என்றார். அந்த ஒரு சொல்லில் என்னையும், என் விசிலையும், நான் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த மைதானத்தையும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டார்.

வகுப்பறையோடு நின்றிருந்தால் அரசாங்கத்தின் தலையெழுத்து என்று விட்டிருக்கலாம். வீட்டிலும் இதேதான். மூன்று பெண்களுக்குப் பிறகு அவர் சம்சாரம் நாலாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் துணைக்குப் போயிருந்தேன். அவர் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் கதவைத் திறந்து வந்து, "பொம்பளப் புள்ளைங்க சார்" என்றது.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார் இவர்.

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தது. "பாதியெல்லாம் இல்லீங்க சார். முழுசாத்தான் பொறந்திருக்குது. உள்ள வந்து பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்தார். பார்த்த பிறகும் என்ன பிரயோசனம்? பையனுக்கென்று யோசித்து வைத்திருந்த பெயரை விட அவருக்கு மனசில்லாததால், அந்தக் குழந்தை தவழ ஆரம்பிக்கிறவரை பெயரில்லாமல் பாப்பாவாகவே இருந்தது.

இன்னொரு சமயம், ஆத்தூர் பக்கம் அவர் மச்சான் வைத்திருந்த ஜவ்வரிசி ஆலைக்கு என்னையும் கறிச்சோறு தின்னக் கூட்டிக்கொண்டு போனார். சிமெண்டுக் களம் முழுக்க ஜவ்வரிசியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். இலையில் உட்காரப் போகும் நேரம் பார்த்து மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பலகையும் துடைப்பமுமாக ஓடினார்கள். எனக்கும் ஒரு பலகை கிடைத்தது. நமக்கு யோசனை செய்யத் தெரியாதே ஒழிய ஓடத் தெரியும்.

கணக்கு வாத்தியார் களத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். "பதறாதீங்க மச்சான். இந்த மாசத்துல ஒரு நாளை எடுத்துக்கிட்டா மழை வர்றதுக்கு வாய்ப்பு கம்மி. கட்டுல ராஜா வர்ற மாதிரிதான், பதிமூணுல ஒண்ணுகூடத் தேறாது."

சொல்லும்போதே அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"அட கெரகமே" என்றார் மச்சான் பலகையைத் தள்ளிக்கொண்டே. "சொட்டச் சொட்ட நின்னுட்டு இந்தாளு இன்னும் வாய்ப்புச் சொல்றாரு பாருங்க. ஏனுங்க டிரில் மாஸ்டர், அவரையும் சேத்து வாரிக் குமிச்சுப் படுதாவப் போட்டு மூடுங்க."

அக்கா புருஷன் ஆகிவிட்டார், அதனால் மச்சான் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் பந்தியில் கறிக்கரண்டி அவர் இலைக்கு மேலாகவே தாண்டிப் போய்க்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அவர் கவனித்தாரா தெரியாது. கறி விழ எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்.

இத்தனையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என் கல்யாண விஷயத்தில் அவர் பெயரைக் கொடுத்தேன். ஆக, யார் முட்டாள் என்று இனிமேல் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு முப்பது தாண்டி இரண்டு வருஷமாகியிருந்தது. ஜாதகம் போகும், திரும்பி வரும். "வெயில்ல நிக்கற வேலைங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனவர்கள் உண்டு. "பாடம் எடுக்கறதில்லீங்களா, சும்மா ஊதறது மட்டும்தானுங்களா?" என்று கேட்ட மகராசியும் உண்டு. கடைசியாகப் பரமத்திப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். கூட்டுறவுச் சங்கத்தில் டைப் அடிக்கும் பெண். அப்பா கோழிப்பண்ணைக்காரர். மடக்கு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். உத்தியோகத்துக்கு மரியாதை செய்கிற மாதிரி முதுகை விறைத்து உட்கார்ந்தேன். பலகாரத் தட்டை வாங்கக் குனிந்தபோது, நாற்காலி என்னை உள்ளே வைத்தே மடங்கிக்கொண்டது. அந்தப் பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தது. கையால் வாயைப் பொத்தவெல்லாம் இல்லை. அம்மாக்காரி தொடையில் கிள்ளினாள். நான் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றேன். மறுபடியும் சிரித்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் அம்மா, "காரியம் கெட்டுதுடா சாமி" என்றாள். எனக்கோ கட்டினால் இந்தப் பெண்ணைத்தான், இல்லாவிட்டால் விசிலோடு குடும்பம் நடத்துவது என்று முடிவாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மாப்பிள்ளையை விசாரிக்க வருவார்கள். பெண்ணின் அப்பாவே கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்பார். அங்கே கிடைக்கிற பதில்தான் கடைசி. அதன்பேரில் நின்றுபோன கல்யாணங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. யாரை விசாரிக்கலாம் என்று தரகர் என்னிடம் நைச்சியமாகக் கேட்டார். தலைமையாசிரியருக்கு என்னைப் பிடிக்காது, அவர் அறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தது என் பந்து. தமிழ் வாத்தியார் என்னைப் புகழ ஆரம்பித்தால் எவனும் நம்பமாட்டான். கணக்கு வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவர் பெயரைச் சொன்னேன். உண்மையும் சொல்லத் தெரியாதவர் என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு மத்தியானம் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். ஆசிரியர் அறையின் ஒரு மூலையை மூங்கில் தட்டி வைத்து அடைத்து எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்து கால்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப்பக்கம் கணக்கு வாத்தியார் மட்டும் இருந்தார்.

"கும்பிடறனுங்க. பரமத்தியில இருந்து வாரனுங்க. உங்க டிரில் மாஸ்டரப் பத்தி ஒரு வார்த்த கேட்டுப் போலாம்னுங்க."

பம்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"உக்காருங்க. என்ன கேக்கோணும்?"

"கொணமெல்லாம் எப்படீங்க?"

"பொதுவாக் கேட்டாச் சொல்ல முடியாதுங்க. ஒண்ணொண்ணாக் கேளுங்க."

"குடிப்பாருங்களா?"

மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. சீட்டுக்கட்டை வெளியே எடுக்கிறார் என்று தெரிந்ததும் பம்பை ஓசைப்படாமல் கீழே வைத்தேன்.

"இந்த வட்டாரத்துல நாலு ஆம்பளைய எடுத்துக்குவோம். அதுல ஒருத்தர் குடிக்கறவருன்னு வெச்சுக்குங்க. கட்டுல கிளாவர் பதிமூணு. ஐம்பத்திரண்டுல பதிமூணு, நாலுல ஒண்ணு. ஆக, அவரு குடிக்கறதுக்கு வாய்ப்பு கால்வாசி."

"அது ஊருக்குச் சரிங்க. இவரு?"

"இவரும் ஊருக்குள்ள ஒருத்தர்தானுங்களே."

"நீங்க வருசக்கணக்காக் கூட இருக்கறீங்க. குடிச்சுப் பாத்திருக்கறீங்களா?"

"பாத்தத வெச்சுச் சொல்லப்படாதுங்க. பாத்தது கணக்குல வராது."

எனக்கு ஒரு வாய் மோரே அதிகப்படி. அது அவருக்கும் தெரியும். தட்டிக்குப் பின்னால் கால்பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பாத்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று வாய்க்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"கை நீட்டுவாருங்களா? கோவம் கீவம்?"

"அதுவும் கால்வாசின்னு வெச்சுக்கலாங்க."

"கடன் கிடன்?"

"அது பாதிக்குப் பாதி."

"ஏனுங்க சார்" என்றார் பண்ணைக்காரர். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "கூமுட்டையக் கையில குடுத்தா நாத்தம் தெரியாதுங்களா உங்களுக்கு? அப்பவும் நூத்துக்கு ரெண்டுன்னுதான் சொல்லுவீங்களா?"

"ஆமாங்க. அதான் முறை."

பண்ணைக்காரர் மேஜைமேல் பரப்பியிருந்த சீட்டுகளைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "சீட்டாடுவாருங்களா?" என்று கேட்டார்.

"அது முழுசுங்க" என்றார் வாத்தியார் உடனே. "சந்தேகமே இல்ல. தெனம் சாயந்திரம் ஆடறாரு. எதுக்க உக்காந்து ஆடறது நாந்தானுங்களே."

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள்தொட்டு அவர் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னது அந்த ஒருமுறைதான். கையில் இருந்த பந்து நழுவி, தட்டியில் மோதி, அடியில் உருண்டு, பண்ணைக்காரர் செருப்பில் போய் நின்றது. பந்து போன பின்னால் நான் இருந்து என்ன செய்வது? வெளியே வந்து கும்பிட்டேன்.

அவர் பந்தையும் என்னையும் பார்த்தார். "ஆடுவீங்களா?"

"தோத்தவர் டீ வாங்கோணும்னு ஆடுவோமுங்க" என்றேன். "ஊர்ல இருக்கற டீக்கடைய நாந்தான் வாழ வெச்சுட்டு இருக்கறனுங்க."

"சரி, உக்காருங்க. ஒரு கை போடலாம். கேட்டா மறைச்சுப்போடலாம், சீட்டப் புடிச்சா மறைக்க முடியாது."

மூன்று பேர் என்பதால் ஒரே கட்டு, ஆளுக்குப் பத்துச் சீட்டு, ரம்மி. பண்ணைக்காரர் போட்டால் அடுத்து நான், எனக்கு அடுத்து வாத்தியார். ஜெயித்தால் சூதாடி, தோற்றால் கையாலாகாதவன். இரண்டில் எது மேல் என்று யோசிக்கிற மண்டை இருந்தால் நான் ஏன் டிரில் மாஸ்டர் ஆகிறேன்? எப்போதும் ஆடுகிறபடியே, அதாவது கேவலமாக, ஆடுவதென்று விட்டுவிட்டேன்.

முதல் சுற்றிலேயே பண்ணைக்காரர் டைமன் எட்டைக் கீழே போட்டார். எனக்கு வேண்டியதில்லை. கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, என் சீட்டொன்றை அதன்மேல் போட்டேன். ஆட்டம் ஓடியது. தோற்றுப் பழகியவன் என்பதால் நான் சிரித்துப் பேசிக்கொண்டேதான் ஆடினேன். வாத்தியார் எப்போதும் சீட்டுகளை விசிறிபோலத் தாழப் பிடிப்பார், ஊருக்கே தெரியும். டைமன் ஏழும் ஒன்பதும் வைத்துக்கொண்டு, நடுவில் எட்டுக்காகத் தவம் கிடந்தார். அதற்காக நல்ல நல்ல சீட்டையெல்லாம் கழித்துக்கொண்டிருந்தார். பண்ணைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சார், டைமன் எட்ட நான் ஆரம்பத்துலயே போட்டுட்டனுங்க. அடியில கெடக்குது."

"இருக்கட்டுங்க. கட்டு ஐம்பத்திரண்டு. அதுல டைமன் எட்டு ஒண்ணு. வாய்ப்பு அப்பிடியேதான் இருக்குது."

பண்ணைக்காரர் கழித்த சீட்டுகளுக்குள் விரலை விட்டு எட்டை உருவி, மல்லாக்க அவர் முன்னால் வைத்தார். வாத்தியார் அதைப் பார்த்தார். "ஆமாங்க, இதேதான்" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலிருந்து அடுத்த சீட்டை ஆவலோடு எடுத்துப் பார்த்தார்.

பண்ணைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எட்டு வருமா?"

வரும் என்றால் நானும் அவர் ஜாதி. வராது என்றால் வயதில் பெரியவரை அந்நிய மனிதர் முன்னால் மட்டம் தட்டியவன். வாத்தியார் கட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

"வராதுங்க மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. "இல்லீங்க... வாய் தவறி வந்துருச்சுங்க" என்று எழுந்தே விட்டேன்.

"தவறுனது தவறுனதாவே இருக்கட்டும், உக்காருங்க" என்றார். வாத்தியார் கழித்த கிளாவர் பத்தை எடுத்துச் செருகி, தன் சீட்டுகளைப் பரப்பி ஆட்டத்தை முடித்தார். முடித்துவிட்டு என் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒட்டாத பத்துச் சீட்டு. எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டினார்.

"இந்தக் குப்பைய வெச்சுட்டா இத்தன நேரம் சிரிச்சுப் பேசிட்டு உக்காந்திருந்தீங்க? என்ற புள்ளையும் அதே ரகந்தான். ஆவணியில ஒரு நல்ல நாளாப் பாத்துத் தட்டு மாத்திக்கலாம். அம்மாகிட்டச் சொல்லீருங்க. நான் வாரனுங்க சார்."

வாசலில் பஸ் வந்து நின்றது, அவர் ஏறினார், பஸ் போய்விட்டது. மூன்றையும் ஜன்னல் வழியாக நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம்.

"என்ன சொல்லீட்டுப் போறாரு?" என்றார் வாத்தியார், சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே.

"தட்டு மாத்திக்கலாம்னுட்டாருங்க சார்."

"ம்" என்று யோசித்தார். "சம்மதிக்கறது, மறுக்கறதுன்னு ரெண்டு இருக்குது. கட்டுல செவப்பு, கருப்பு மாதிரி. ஆக, சம்மதிக்கறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

வயிறு குலுங்கச் சிரித்திருக்க வேண்டும் நான். சிரிப்பு வரவில்லை. பஸ் போன திக்கில் புழுதி அடங்கிவிட்டிருந்தது. ஆவணி எங்கேயோ இருந்தது. அவர் வீட்டுக்குப் போனதும் பெண்ணின் அம்மா என்ன சொல்வாளோ, தட்டு மாற்றுவது நாற்காலி மடங்கிய விஷயத்தில் வந்து நின்றுவிடுமோ, அந்தப் பெண்ணே வெயிலில் நிற்கிற வேலை வேண்டாம் என்றுவிடுமோ? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சார், இன்னொருக்காக் கலைச்சுப் போட்டுப் பாருங்க. முக்காலாவது வருதான்னு."